என்.சி.ஓ. தேர்வில் தலைமைத்துவமும் அறநெறியும்: எதை முதலில் படிப்பது, விடையை எப்படி எழுதுவது?

வடகாற்று:

வணக்கம். கார்ப்பரலிலிருந்து சார்ஜென்ட் ஆகிற என்.சி.ஓ.க்களுக்கான (ஆணையதிகாரி அல்லாத, வீரர்களை நேரடியாக நடத்தும் படைத்தலைவர்கள்) தேர்வுக்குப் படிக்கிறேன். கையில் 12 வாரம் இருக்கிறது, தினம் 45 நிமிடம் உட்கார முடியும். ஆயுதம், வரைபடம், செக்‌ஷன் (சிறு படைக்குழு) நகர்வு எல்லாம் கைக்குப் பழகியவை. தலைமைத்துவமும் அறநெறியும் என்ற தாள் மட்டும் வசப்படவில்லை.

விழுமியங்கள், போர்ச் சட்டம், அறச் சிந்தனை, கீழுள்ளவர்களுக்கு ஆலோசனை என்று பாடத்திட்டம் நாலா பக்கமும் விரிகிறது. எந்த வரிசையில் படிப்பது? ஒரு சம்பவத்தைக் கொடுத்து "நீங்கள் என்ன செய்வீர்கள்" என்று கேட்கும் கேள்விக்கு எழுதினால், "பொதுப்படையாக இருக்கிறது" என்றே திருத்துபவர் குறிப்பு எழுதுகிறார். அவர் எதிர்பார்ப்பது என்ன? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். மேலதிகாரி சொன்னதைச் செய் என்பதும், சட்டவிரோத ஆணையை மறு என்பதும் ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. கோடு எங்கே விழுகிறது? எந்த நாட்டுப் படைக்கும் பொருந்தும் பதில் போதும்.

ஏணிப்படி:

வரிசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பலரும் விழுமியப் பட்டியலில் தொடங்குகிறார்கள்: கடமை, விசுவாசம், நேர்மை, துணிவு. மனப்பாடம் செய்யச் சுலபம், பயன் குறைவு. சட்டத்தில் தொடங்குங்கள். கைதியை அடிக்கலாமா என்பது விவாதித்து முடிவெடுக்க வேண்டிய கேள்வி அல்ல, அது ஏற்கெனவே முடிந்துபோன கேள்வி. எது முடிந்துபோனது, எது இன்னும் உங்கள் யோசனைக்கு விடப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிப் பாடம் கைக்கு வந்துவிடும்.

முதல் 3 வாரம் சட்டம். 1949-இன் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளில் எது எதைப் பற்றியது என்று தெரிந்தால் போதும். முதலாவது தரைப்போரில் காயமுற்றவர்கள், நோயுற்றவர்கள். இரண்டாவது கடற்போரில் காயமுற்றவர்கள், கப்பல் மூழ்கித் தவிப்பவர்கள். மூன்றாவது போர்க்கைதிகள். நான்காவது பொதுமக்கள். நான்கிலும் பொதுவாக இருக்கும் 3-ஆம் பிரிவை வரி வரியாகப் படியுங்கள், மிகச் சிறியதுதான். உள்நாட்டு மோதலுக்கும் பொருந்துவது அது. சண்டையிலிருந்து விலகிவிட்டவரை, அதாவது ஆயுதத்தைக் கீழே வைத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவரைக் கொல்லவோ வதைக்கவோ இழிவுபடுத்தவோ பணயமாக வைக்கவோ கூடாது என்கிறது. இதோடு உங்கள் படைச் சட்டத்தில் மூன்று பிரிவுகளை எண்ணோடும் வாசகத்தோடும் கற்றுக்கொள்ளுங்கள்: ஆணைக்குக் கீழ்ப்படியாமை, கீழுள்ளவரைக் கொடுமைப்படுத்துதல், குறை முறையிடும் வழி. மூன்றாவதை யாரும் படிப்பதில்லை. உங்கள் செக்‌ஷனில் இருப்பவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

4 முதல் 7-ஆம் வாரம் வரை அறச் சிந்தனை. உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட் ஓர் அறச்செயலை நான்கு கூறாகப் பிரித்தார்: பிரச்சினை இருப்பதைக் காண்பது, எது சரி என்று தீர்மானிப்பது, மற்ற விருப்பங்களைவிட அதற்கு முதலிடம் கொடுப்பது, இடையூறு வந்தாலும் செய்து முடிப்பது. ஒரு தவறு எந்தக் கூறில் அறுந்தது என்று கண்டுபிடிக்க இது நல்ல கருவி. "ஒழுக்கம் இல்லை" என்று எழுதுவதற்கும் "தவறு என்று தெரிந்திருந்தது, நண்பர்களை இழக்கும் பயம் முந்திக்கொண்டது" என்று எழுதுவதற்கும் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் உண்டு.

இதைப் பழக மை லாய் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 மார்ச் 16, வியட்நாம். அமெரிக்கப் படையினர் ஆயுதமற்ற கிராமத்தவரைக் கொன்றார்கள். அமெரிக்கக் கணக்கில் 347 பேர், வியட்நாம் கணக்கில் 504 பேர். அன்று மேலே பறந்த ஒரு சிறு ஹெலிகாப்டரில் மூன்று பேர் இருந்தார்கள். ஓட்டியவர் ஹியூ தாம்சன், வாரன்ட் அதிகாரி (வீரர்களுக்கும் ஆணையதிகாரிகளுக்கும் இடைப்பட்ட ரேங்க்). உடன் இருந்த க்ளென் ஆண்ட்ரியோட்டா, லாரன்ஸ் கோல்பர்ன் இருவரும் சாதாரண ரேங்க் வீரர்கள். அவர்கள் செய்ததை வரிசையாக எழுதிப் பாருங்கள். பார்த்தார்கள், கீழே இறங்கிக் கேட்டார்கள், வானொலியில் சொன்னார்கள், ஓடும் மக்களுக்கும் துரத்தும் படையினருக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார்கள், வேறு ஹெலிகாப்டர்களை வரவழைத்து ஆட்களை ஏற்றி அனுப்பினார்கள், தளத்துக்குத் திரும்பி முறையிட்டார்கள். அதன் பிறகுதான் நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. மூவருக்கும் சோல்ஜர்ஸ் மெடல் என்ற பதக்கம் கிடைத்தது 1998-இல், ஆண்ட்ரியோட்டாவுக்கு இறந்தபின். ரெஸ்டின் நான்கு கூறுகளையும் இந்த வரிசையில் பொருத்துங்கள். பிறகு அதே கிராமத்தில் தரையில் நின்றவர்களுக்கும் பொருத்துங்கள். இரண்டாவதுதான் கடினம், அதிகம் கற்றுத்தருவதும் அதுவே.

8 முதல் 10 வரை தலைமைத்துவம். கடைசி 2 வாரம் புதிதாக எதையும் தொடாமல், கடிகாரம் வைத்து விடை எழுதிப் பழகுங்கள். விழுமியப் பட்டியலை இந்த இரண்டு வாரத்தில் பார்த்தால் போதும். அப்போதும் ஒவ்வொரு விழுமியத்துக்கும் உங்கள் செக்‌ஷன் வேலையிலிருந்து இரண்டு செயல், ஒரு மீறல் என்று மூன்று வரி எழுதுங்கள். வரையறை வேண்டாம்.

சிவப்புமை:

திருத்துபவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "நேர்மையாக நடந்துகொள்வேன், மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன்" என்று எழுதினால் அதில் திருத்த ஒன்றும் இல்லை, மதிப்பெண் போடவும் ஒன்றும் இல்லை. யாரிடம், என்ன வார்த்தையில், எத்தனை மணிக்குள், அவர் மறுத்தால் அடுத்து என்ன? இந்த நாலும் இல்லாத விடையைத்தான் பொதுப்படை என்கிறோம்.

மாதிரி ஒன்று. உங்கள் பொறுப்பில் 12 வண்டிகள். மாதாந்தரச் சோதனையில் 9 முடிந்திருக்கிறது. நாளை காலை இன்ஸ்பெக்‌ஷன். உங்களுக்கு மேலே உள்ள பிளாட்டூன் சார்ஜென்ட் வந்து, "பன்னிரண்டுக்கும் கையெழுத்துப் போட்டுவிடு, மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்.

முதலில் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரியுங்கள். 9 முடிந்தது தெரிந்தது. மீதி 3 வண்டியும் நன்றாகத்தான் ஓடும் என்பது ஊகம். சார்ஜென்ட் ஏமாற்றுப் பேர்வழி என்பதும் ஊகம்தான். அவருக்கு மேலே இருந்து என்ன நெருக்கடி என்று நமக்குத் தெரியாது. மாணவர்கள் முதல் ஊகத்தைப் பிடித்துவிடுகிறார்கள், இரண்டாவதைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்து, இது சரிக்கும் தவறுக்கும் இடையிலா, சரிக்கும் சரிக்கும் இடையிலா? விசுவாசத்துக்கும் உண்மைக்கும் இடையில் மாட்டிக்கொண்டதாக நீட்டி எழுதுகிறவர்கள் உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது பொய்ப் பதிவு. எது சரி என்று தெரிந்தேவிட்டது, செய்வதற்குத் துணிவு வேண்டும், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்து ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்தால் அங்கேயே நல்ல மதிப்பெண்.

பிறகு வழிகள், குறைந்தது மூன்று. சும்மா இருப்பதும் ஒரு வழிதான், அதையும் எழுதி ஏன் தள்ளினீர்கள் என்று சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் சட்டத்தில் உரசுங்கள். அதில் தேறாதது அங்கேயே வெளியே. தேறியதை மட்டும் கடமை, விளைவு, இது என்னை எப்படிப்பட்ட ஆளாக ஆக்கும் என்ற மூன்று கோணத்திலும் பாருங்கள். மூன்று கோணமும் மூன்று பதில் தந்தால் மறைக்காதீர்கள். எதற்கு ஏன் முன்னுரிமை கொடுத்தீர்கள் என்று எழுதுவதுதான் விடையின் உயிர்.

கடைசியில் வார்த்தை. நல்ல விடையில் இப்படி இருக்கும்: "சார், 9 வண்டி பார்த்தாயிற்று, 3 பாக்கி. 9-க்குக் கையெழுத்துப் போடுகிறேன். 2 பேர் கொடுத்தால் இன்று இரவு 10 மணிக்குள் மூன்றையும் முடித்துவிடுவேன். ஆள் இல்லையென்றால் 3 வண்டிக்கும் 'சோதனை நிலுவை' என்று எழுதி, சாவியைத் தனியே வைக்கிறேன்." இதில் எதிர்ப்பு இருக்கிறது, மரியாதை இருக்கிறது, மாற்று வழியும் இருக்கிறது. சாவியைத் தனியே வைப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் சோதிக்காத வண்டியை யாரோ விவரம் தெரியாமல் எடுத்துப்போவதைத் தடுப்பது அந்த ஒரு செயல்தான்.

இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. 2015-இல் அமெரிக்கத் தரைப்படைப் போர்க் கல்லூரி வெளியிட்ட ஓர் ஆய்வு, கட்டாயமாக முடிக்கச் சொல்லும் வேலைகள் இருக்கும் நேரத்தைவிட அதிகமாகிவிட்டதால் பொய் அறிக்கை சாதாரணப் பழக்கமாகிவிட்டது என்று எழுதியது. செய்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒவ்வொரு சின்னப் பொய்யும் அந்த நேரத்தில் நியாயமாகத் தெரிகிறது. ஆகவே விடையில் "அடுத்த மாதம் இந்த நிலை வராமல் இருக்க" என்று ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள்: தினம் ஒரு வண்டி வீதம் பிரித்தால் 12 வேலைநாளில் முடியும், 8-ஆம் நாள் எத்தனை பாக்கி என்று மேலே தெரிவிப்பது, இப்படி.

45 நிமிடக் கேள்வி என்றால் 10 நிமிடம் படிக்க, 10 குறிப்பு எடுக்க, 20 எழுத, 5 திருப்பிப் பார்க்க. குறிப்பு எடுக்காமல் எழுத ஆரம்பித்தால் இரண்டாவது பக்கத்தில் முடிவு மாறிவிடும். நிறைய விடைத்தாள்கள் அப்படித்தான் கவிழ்கின்றன.

கோட்டைக்கதவு:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கீழ்ப்படிதலும் மறுப்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைப்பதால்தான் குழப்பம். படைச் சட்டங்கள் பொதுவாக, "சட்டபூர்வமான" ஆணைக்குக் கீழ்ப்படியாமல் இருப்பதைத்தான் குற்றம் என்கின்றன. மறுப்புக்கான இடம் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

கடினமான ஆணை, அலுப்பூட்டும் ஆணை, ஆபத்தான ஆணை, உங்கள் கணிப்பில் முட்டாள்தனமான ஆணை எல்லாமே சட்டபூர்வமானவையாக இருக்க முடியும். எதிர்க்கருத்தைச் சொல்லலாம், சொன்ன பிறகும் ஆணை மாறவில்லை என்றால் முழு மனதோடு செய்ய வேண்டும். பல படைகளின் சட்டத்தில் ஆணை சட்டபூர்வமானது என்றே முதலில் கருதப்படும், மறுத்தவர்தான் பின்விளைவைச் சுமக்க வேண்டும். ஆகவே "எனக்குச் சரியாகப் படவில்லை" என்பது மறுக்கக் காரணம் ஆகாது.

மறுபக்கம், யார் பார்த்தாலும் சட்டவிரோதம் என்று பளிச்சென்று தெரியும் ஆணை. இதற்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1918 ஜூன் 27 அன்று லாண்டவரி காஸில் என்ற மருத்துவக் கப்பலை ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. பிறகு உயிர்காப்புப் படகுகளையும் சுட்டது. 1921-இல் ஜெர்மனியின் லைப்சிக் நீதிமன்றம் நீர்மூழ்கியின் இரண்டு துணை அதிகாரிகளுக்கு நான்காண்டுச் சிறை விதித்தது. தளபதி சொன்னார் என்ற வாதம் அவர்களைக் காப்பாற்றவில்லை. படகில் தத்தளிப்பவரைச் சுடுவது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது என்றது நீதிமன்றம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் வழக்கின் அடிப்படையில் 1950-இல் வகுக்கப்பட்ட நியூரம்பெர்க் கோட்பாடுகளில் நான்காவது, அறத் தேர்வுக்கு உண்மையில் வழி இருந்திருந்தால் ஆணை என்பது பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்கிறது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998-இன் ரோம் சட்டத்தில் 33-ஆம் பிரிவு, இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் செய்யச் சொல்லும் ஆணைகள் வெளிப்படையாகவே சட்டவிரோதமானவை என்று சொல்லிவிட்டது.

இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலான சிக்கல் வரும், அங்கே பெரும்பாலும் பிரச்சினை ஆணை தெளிவில்லாததுதான். "அந்த ஆளைக் கவனித்துக்கொள்" என்றால் என்ன அர்த்தம்? தண்ணீர் கொடு என்றும் எடுத்துக்கொள்ளலாம், வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே முதல் படி மறுப்பு இல்லை, திருப்பிச் சொல்வது. "சார், கைதியைத் தேடிப் பார்த்து, காயத்துக்குக் கட்டுப் போட்டு, பின்தளத்துக்கு அனுப்ப வேண்டும், சரியா?" சட்டபூர்வமான பொருளை நீங்களே எடுத்து வைக்கிறீர்கள். ஆணையிட்டவர் கோபத்தில் சொல்லியிருந்தால் பின்வாங்க அவருக்கு இடம் கிடைக்கும். பல தவறுகள் இந்த ஒரு வாக்கியத்தில் நின்றுபோகும்.

நிற்கவில்லை என்றால், காரணத்தை உண்மைத் தகவலாகச் சொல்லுங்கள்: "அவர் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டார், சார்." பிறகு மாற்று வழி. அதற்கும் இறங்கவில்லை என்றால், அந்த ஒரு செயலை மட்டும் மறுங்கள்: "இதை நான் செய்ய முடியாது. மற்ற பணிகளைத் தொடர்கிறேன்." உங்கள் செக்‌ஷன் ஆட்களும் அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மறுத்துவிட்டு ஒதுங்க, கடைநிலை வீரர் ஒருவர் செய்துவிட்டால் அந்த மறுப்பால் யாருக்கும் பயன் இல்லை. உடனே அடுத்த கட்டளை நிலைக்குத் தெரிவியுங்கள். நேரம், இடம், சொல்லப்பட்ட வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள், மறுநாள் நினைவு வேறு மாதிரி இருக்கும்.

தேர்வில் பலர் சறுக்கும் இடம், மறுப்பை ஒரு வீர வசனமாக எழுதுவது. அனைவர் முன்னாலும் குரல் உயர்த்தினால் ஆணையிட்டவருக்கு ஆணையைவிடத் தன் அதிகாரத்தைக் காப்பது பெரிதாகிவிடும். உயிர் போகும் அவசரம் இல்லாதவரை இரண்டடி தள்ளி அழைத்துப் போய், தாழ்ந்த குரலில்.

மணல்மூட்டை:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. ஏணிப்படி தலைமைத்துவத்தைத் தனிப் பகுதியாக 8-ஆம் வாரத்துக்குத் தள்ளுவது சரியில்லை என்று நினைக்கிறேன். என்.சி.ஓ.வைப் பொறுத்தவரை அறநெறியும் தலைமைத்துவமும் ஒரே வேலை.

யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய கீழ்ப்படிதல் சோதனையைப் படித்திருப்பீர்கள்: இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைத்து, அதைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார்கள். 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள் என்ற எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே சோதனையின் இன்னொரு வடிவத்தில், பக்கத்தில் உட்காரவைக்கப்பட்ட நடிகர்கள் இருவர் நடுவிலேயே "நான் செய்ய மாட்டேன்" என்று எழுந்துவிட்டார்கள். அப்போது கடைசி வரை போனவர்கள் 40-இல் 4 பேர்தான். எனக்கு இந்த இரண்டாவது எண்தான் என்.சி.ஓ. பாடத்தின் மையம். அதிகாரி தூரத்தில் இருப்பார், பக்கத்தில் நிற்பது நீங்கள். முதலில் எழும் குரல் உங்களுடையதாக இருந்தால் மற்றவர்களுக்கு வழி திறக்கும்.

அந்தக் குரலைச் சாதாரண நாளிலேயே பழக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் 20 நிமிடம் உட்கார்ந்து, என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன மாற்றுவது என்று பேசுங்கள். ரேங்கில் குறைந்தவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில். நீங்கள் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி.

இன்னொன்று, வார்த்தைகளைக் கவனியுங்கள். மனசாட்சியை ஒதுக்கிவைக்கும் வழிகளை உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா வகைப்படுத்தியிருக்கிறார்: கொடுமைக்கு மென்மையான பெயர் வைப்பது, பொறுப்பை மேலே தள்ளுவது, கூட்டத்தில் கரைப்பது, எதிரே இருப்பவரை மனிதரல்லாதவராகப் பேசுவது. பிடிபட்டவரைப் பற்றி விலங்குப் பெயரில் ஜோக் வந்தால், அன்றே அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். கைகலப்புக்குப் பல நாள் முன்பே பேச்சு கெட்டுப்போயிருக்கும். டியூட்டி ரோஸ்டரும் அப்படித்தான்: ஒருவருக்கே நள்ளிரவுக் காவல் தொடர்ந்து விழுந்தால், நியாயத்தைப் பற்றி நீங்கள் எடுக்கும் வகுப்பு எதையும் செக்‌ஷன் நம்பாது.

வடகாற்று:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் விடுபடுகிறது. ஆணை மேலிருந்து வரவில்லை, தவறு செய்தவர் பக்கத்தில் இருக்கும் நண்பர் என்றால்? உதாரணமாக, காவலில் குடித்திருக்கிறார். சம ரேங்க். இதற்கு எந்த விடையும் துரோகம் போலவே எழுதத் தோன்றுகிறது.

கோட்டைக்கதவு:

வரிசைதான் முக்கியம் தம்பி. முதலில் ஆயுதம்: அவரிடமிருந்து வாங்கி, மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் குண்டறையில் குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்வது. இரண்டாவது காவல் இடம்: மாற்று ஆள் வரும்வரை நீங்களே நிற்பது. மூன்றாவது அவர் உடல்: நினைவோடு இருக்கிறாரா, வாந்தி எடுத்தால் மூச்சு அடைக்காதபடி பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டுமா, மருத்துவ உதவியாளர் தேவையா? அடுத்து காவல் தலைவருக்கு ரிப்போர்ட். இந்த நான்கும் சில நிமிடங்களுக்குள்.

நண்பரை மறைப்பதற்கும் காப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விடையில் காட்டுங்கள். மறைத்தால் அன்றிரவு காவலை நம்பித் தூங்குகிற எல்லோரையும் நண்பர் ஒருவருக்காகப் பணயம் வைக்கிறீர்கள். காப்பது என்றால், ரிப்போர்ட் செய்யப்போவதை முதலில் அவர் முகத்துக்கு நேரே சொல்வது, பார்த்ததை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது, விசாரணை நாளில் அவரோடு போய் நிற்பது, குடிக்குப் பின்னால் கடனோ குடும்பத் தொல்லையோ இருந்தால் ஆலோசகரிடம் அழைத்துப் போவது.

சிவப்புமை:

கோட்டைக்கதவு சொன்னதில் "பார்த்ததை மட்டும்" என்பதை அடிக்கோடிடுங்கள். "குடித்திருந்தார்" என்பது முடிவு. "02:10 மணிக்குக் காவல் மேடையில், வாயில் மது வாடை, கேள்விக்குப் பதில் குழறியது, துப்பாக்கி தரையில் கிடந்தது" என்பது பார்த்தது. ரிப்போர்ட்டில் இரண்டாவதை எழுதுங்கள். முடிவு செய்வது மருத்துவரும் விசாரிப்பவரும். நண்பருக்கு எதிராக எழுத நேரும்போது இந்த வடிவம் இருவருக்குமே நியாயமானது, குறுக்கு விசாரணையிலும் நிற்கும்.